கேம்பாய் மெட்டுக்கு நாகஸ்வரம், தவில்: ரீமிக்ஸ் குழுக்களுக்கு அனுப்புமுன் சில சந்தேகங்கள்

முதுநகர்பிக்சல் (கடலூர் முதுநகர்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். 1989ல கேம்பாய்ங்கிற கையடக்க விளையாட்டுக் கருவிக்கு வந்த டெட்ரிஸ்ல 'ஏ டைப்'னு ஒரு மெட்டு வருமே, அதை நாகஸ்வரம், தவில், கொஞ்சம் சிப் ஒலின்னு (பழைய கேம் கருவியோட மின்னணுச் சத்தம்) கலந்து 3 நிமிஷம் 20 நொடிக்கு ஒரு ரீமிக்ஸா பண்ணிக்கிட்டிருக்கோம். கையில இருக்கிறது 8 ஜிபி லேப்டாப், ரீப்பர்ங்கிற பதிவு மென்பொருள், ரெண்டு இன்புட் இருக்கிற ஆடியோ இண்டர்ஃபேஸ், ஒரே ஒரு எஸ்எம்57 மைக். நாகஸ்வரம் 2 கட்டை சுருதி.

கேம் இசை ரீமிக்ஸ்களைத் தேர்ந்தெடுத்து வெளியிடுற ஓவர்க்ளாக்ட் ரீமிக்ஸ் தளத்துக்கு அனுப்பணும், மாசாமாசம் நடக்கிற ட்வெல்லிங் ஆஃப் டூயல்ஸ் போட்டியிலயும் கலந்துக்கணும்னு ஆசை. சந்தேகம் இதுதான். மூல மெட்டு பாதிக்கு மேல தெரியணும்ங்கிறாங்களே, அதை எப்படிக் கணக்குப் பண்றது? ஆலாபனையும் தவில் தனியும் மூலத்துல சேருமா? அடுத்தது, கேம் ஆடியோவை 150 பிபிஎம் (நிமிஷத்துக்கு 150 அடி) கட்டத்துல வச்சா முதல் பத்து நொடி சரியா நிக்குது, போகப்போக நழுவுது. மூணாவது, நாகஸ்வரமும் சிப் ஒலியும் சேரும்போது காதைக் குத்துது. எங்க இழுத்து எங்க விடணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. மத்தவங்க பாட்டுக்குக் கருத்து எழுதுற முறையும் தெரிஞ்சா நல்லது.

---

உப்பனாறு எழுதியது:

மூலக் கணக்கை முதல்ல முடிச்சிடலாம். அதுல தவறினா மத்ததெல்லாம் வீண்.

நடுவர்கள் கையில ஸ்டாப்வாட்சோட கேப்பாங்கன்னே வச்சுக்கங்க. எந்த நொடியிலேருந்து எந்த நொடி வரைக்கும் மூலம் காதுக்குத் தெரியுதுன்னு எழுதிக் கூட்டுவாங்க. அதையே நீங்க முன்னாடியே பண்ணிடுங்க. உங்க 200 நொடிப் பாட்டு இப்படி அமைஞ்சிருக்குன்னு ஒரு பேச்சுக்கு வச்சுப்போம். முதல் 14 நொடி வெறும் சுருதி. 0:14லேருந்து 0:58 வரைக்கும் நாகஸ்வரத்துல மெட்டு, 44 நொடி. 0:58லேருந்து 1:20 வரைக்கும் மெட்டு கிடையாது, கேம்பாய் பேஸ் மட்டும் ஓடுது, 22 நொடி. அப்புறம் 2:04 வரைக்கும் ஆலாபனை, 44 நொடி. 2:40 வரைக்கும் மெட்டோட ரெண்டாம் பகுதி, 36 நொடி. தவில் தனி 25 நொடி. கடைசி 15 நொடி மறுபடி மெட்டு.

மூலம் வர்ற இடமெல்லாம் கூட்டினா 44+22+36+15, மொத்தம் 117 நொடி. 58.5 சதவீதம், தேறிடும். ஆனா அந்த 22 நொடி பேஸை ஒரு நடுவர் 'இது எந்தப் பாட்டுலயும் வர்ற பேஸ்தானே'ன்னு தள்ளிட்டார்னா 95 நொடிதான் மிச்சம். 47.5 சதவீதம். விழுந்துடும். அதனால சந்தேகத்துக்கு இடமான பகுதியை நம்பிக் கணக்குப் போடாதீங்க. ஆலாபனைக்கு அடியில மெட்டோட முதல் ஏழு ஸ்வரத்தை சிப் ஒலியில மெதுவா ஓட விட்டீங்கன்னா அந்த 44 நொடியும் உங்க பக்கம் வந்துடும். தவில் தனியும் அப்படித்தான். வெறும் தனிக்கு மூல மதிப்பு கிடையாது. மெட்டோட தாளக் கட்டை, எங்க நீளுது எங்க துண்டா விழுதுங்கிறதை, சொல்லுக்குச் சொல் அப்படியே வாசிச்சா சில பேர் ஒத்துப்பாங்க, சில பேர் ஒத்துக்க மாட்டாங்க.

இதுக்கு நேர் எதிரான தப்பும் இருக்கு, அதுதான் ஜாஸ்தி நடக்குது. கேம் ஃபைல்லேருந்து மிடி (ஸ்வரக் குறிப்பு ஃபைல்) எடுத்து, சத்தத்தை மட்டும் மாத்தி அனுப்புறது. 100 சதவீதம் மூலம் இருந்தாலும் திரும்பி வந்துடும், ஏன்னா அங்க கேக்குறது மறுஆக்கம், நகல் இல்ல. நாகஸ்வரம்ங்கிறது புது ஒலி, அவ்வளவுதான். புதுசா என்ன யோசிச்சீங்கன்னு கேப்பாங்க. ஸ்வர அடுக்கு, நடை, மெட்டை உடைச்சு வேற இடத்துல வைக்கிறது, இதெல்லாம் வேணும்.

இன்னொரு விஷயம். இந்த மெட்டு விளையாட்டுக்காகப் போட்டது இல்ல. 'கரோபெய்னிகி'ங்கிற ரஷ்ய நாட்டுப்பாட்டு, வரிகள் 1861ல நெக்ராசோவ் எழுதினது. கேம்பாய்க்கு அதை அடுக்கிக் கொடுத்தவர் ஹிரோகாசு தனாகா. அதனால 'நீங்க கேமை ரீமிக்ஸ் பண்றீங்களா, நாட்டுப்பாட்டையா?'ங்கிற கேள்வி கண்டிப்பா வரும். அனுப்புற இடத்துல அன்னைக்கு என்ன விதி இருக்குன்னு முதல்ல படிங்க. பாட்டுக்குள்ளயும் பதில் இருக்கணும். தனாகாவோட ரெண்டாம் குரலையும் பேஸ் நடையையும் ஒரு இடத்துலயாவது தெளிவா காட்டுங்க. வெறும் மேல் மெட்டு மட்டும் இருந்தா அது ரஷ்யக் கல்யாணத்துல வாசிச்சதா கேம்பாய்ல வந்ததான்னு யாருக்கும் சொல்லத் தெரியாது.

டெம்போ நழுவுறதுக்குக் காரணம் சின்னதுதான். கேம்பாய் திரை நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கிறது இல்ல, 59.73 தடவை. இசை அந்தத் துடிப்புலதான் ஓடும். ஒரு அடிக்கு 24 பிரேம்னா, 60 வச்சுக் கணக்குப் போட்டா 150 பிபிஎம் வரும், நிஜத்துல 149.32. 200 நொடியில கிட்டத்தட்ட 0.9 நொடி வித்தியாசம். அளக்கிறது சுலபம். முதல் பாரோட முதல் அடியில ஒரு குறி, 33ஆவது பாரோட முதல் அடியில ஒரு குறி. நடுவுல 128 அடி. 7680ஐ நடுவுல இருக்கிற நொடியால வகுங்க. 51.43 நொடி வந்தா 149.3. ஐந்தாவது பார்ல அளந்தா கை நடுக்கமே பெரிய பிழையா வந்துடும், அதனால தூரமா அளங்க.

யூடியூப்ல எடுத்த பதிவுன்னா ஒரு எச்சரிக்கை. சூப்பர் கேம்பாய்ல (கேம்பாய் விளையாட்டை டிவியில ஓட்டுற கருவி) ஓட்டிப் பதிவு பண்ணதா இருந்தா வேகம் 2.4 சதவீதம் கூட, சுருதியும் 41 சென்ட் (ஒரு ஸ்வரஸ்தானம் 100 சென்ட்) ஏறியிருக்கும். அதை வச்சு நாகஸ்வரத்துக்குச் சுருதி பிடிச்சா தலைவலிதான். ஜிபிஎஸ் ஃபைலை (கேம்பாய் இசையை மட்டும் எடுத்து வச்ச ஃபைல்) ஃபூபார் ப்ளேயர்ல கேம் ஈமு ப்ளேயர்ங்கிற செருகியைப் போட்டு வேவா எடுத்துக்கங்க. கேட்டு ஒப்பிடத்தான் அது, பாட்டுக்குள்ள விடுறதுக்கு இல்ல.

---

வில்லியனூர்மேளம் எழுதியது:

சுருதி, ராகம் பற்றி உப்பனாறு சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன்.

மெட்டை ஏ மைனரில் எடுத்துக்கொண்டால், ஏ தான் ஸட்ஜம். முதல் வரி ப ரி க ம க ரி ஸ, ஸ க ப ம க ரி. அடுத்த வரி மேல் ஸட்ஜம் போய் இறங்குகிறது: ம த ஸ நி த ப, க ப ம க ரி. இந்த நிஷாதம் கைசிகி, அதாவது தாழ்ந்த நிஷாதம். அதுவரை நடபைரவி ராகம். ரெண்டாம் பகுதியில் நீண்ட ஸ்வரங்களாக ப க ம ரி க ஸ என்று இறங்கி, கீழ் நிஷாதத்தில் நிற்கும். அது காகலி, உயர்ந்த நிஷாதம். அங்கே கீரவாணி ராகமாகி விடுகிறது. வாசிப்பவரிடம் 'கீரவாணி' என்று மட்டும் சொல்லி உட்கார வைத்தால் முதல் பகுதியிலும் பழக்கத்தில் காகலியைப் பிடிப்பார், மெட்டு கெடும். இரண்டு நிஷாதமும் எந்தெந்த இடம் என்று தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

2 கட்டை என்றால் டி. ஏயிலிருந்து டிக்கு ஐந்து ஸ்வரஸ்தானம் மேலே அல்லது ஏழு கீழே. ஆனால் எந்த நாகஸ்வரமும் ட்யூனர் சொல்கிற டியில் நிற்காது. இருபது நிமிடம் வாசித்து சீவாளி (ஊதும் நாணல்) பழகிய பிறகு பத்து நொடி ஸட்ஜம் பதிவு செய்து அளக்கவும். 293.66 ஹெர்ட்ஸுக்குப் பதில் 298 வந்தால் 25 சென்ட் கூடுதல். அப்போது கருவியை இழுக்காதீர்கள், கம்ப்யூட்டரை இழுங்கள். எல்லா சிந்தசைசரிலும் 25 சென்ட் ஏற்றவும், அல்லது ஏ 440ஐ 446.5 ஆக்கவும். வைட்டல், சர்ஜ் எக்ஸ்டி என்கிற மென்பொருள் சிந்தசைசர் இரண்டிலும் இது செய்ய முடியும், இரண்டுமே இலவசம். வேறு நாட்டிலிருந்து யாராவது கிட்டார் வாசித்து அனுப்பப் போகிறார் என்றால் இந்த 446.5 என்கிற எண்ணை முதல் மடலிலேயே சொல்லிவிட வேண்டும். 'கீரவாணி, 2 கட்டை' என்றால் அவருக்குப் புரியாது. 'டி ஹார்மோனிக் மைனர், ஏ 446.5' என்றால் புரியும்.

பதிவு. அணைசுக்கு (அடியில் விரியும் வாய்) நேராக மைக் வைப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. ஒலி விரல் துளைகள் வழியாகவும் வருகிறது. அணைசுக்கு நேரே வைத்தால் கீழ் ஸ்வரங்கள் முட்டும், மேல் ஸ்வரங்கள் மெலிந்து போகும். உலவின் (குழல் பகுதி) நடுத்துளைகளைப் பார்த்தபடி, பக்கவாட்டில் சாய்த்து, இரண்டரை அடி தூரத்தில் எஸ்எம்57. உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்ட வேண்டாம். 24 பிட்டில் பதிவு செய்தால் அந்த அளவில் இரைச்சல் ஒரு பிரச்சினையே இல்லை. நாகஸ்வரம் திடீரென்று உரக்கப் போகும் வாத்தியம், ஒத்திகையில் வராத சத்தம் பதிவின்போது வரும்.

காங்கிரீட் மாடி அறையாக இருந்தால் மூன்று பக்கம் இலவம்பஞ்சு மெத்தையை நிறுத்தி வையுங்கள். தரைக்குக் கோரைப்பாய் இரண்டு. தேவனாம்பட்டினம் பக்கம் வீடு என்றால் மதியத்துக்கு மேல் கடல்காற்று ஜன்னலைப் பிடித்து ஆட்டும், காலையில் முடித்துவிடுவது உத்தமம். மின்விசிறியை நிறுத்துங்கள். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள், இரண்டு முள் சார்ஜரின் 50 ஹெர்ட்ஸ் முணுமுணுப்பு மெல்லிய இடங்களில் கேட்கும். கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது பதிவே வேண்டாம்.

தவில், நாகஸ்வரம் இரண்டையும் ஒரே அறையில் சேர்த்துப் பதிவு செய்தால் பிறகு வெட்டவோ திருத்தவோ முடியாது. தனித்தனியாக எடுத்தால் இருவருக்கும் உயிர் வராது. இதற்கு வழி: முதலில் க்ளிக் போட்டு இருவரையும் சேர்ந்து வாசிக்க வைத்து போனில் ஒரு பதிவு. அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டு நாகஸ்வரம் தனியாக, அதன் மேல் தவில் தனியாக. ஹெட்போன் காதை முழுதும் மூடுவதாக இருக்கட்டும். க்ளிக்கைக் கீச்சென்ற ஒலியாக வைக்காமல் மரத்தட்டு ஒலியாக வையுங்கள், மைக்கில் கசிந்தாலும் உறுத்தாது. பதிவின்போது பஃபர் (கம்ப்யூட்டர் ஒரு தடவையில் கையாளும் ஒலித் துண்டு) 128 சாம்பிள் போதும், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு வழிக்கு 2.7 மில்லிசெகண்டுதான் தாமதம். மிக்ஸுக்கு 1024.

ஒரே மைக்கில் தவில் என்றால் முன்பக்கம் இரண்டரை அடியில், கொஞ்சம் தொப்பிப் பக்கம் (குச்சியால் அடிக்கும் பக்கம்) சாய்த்து வைக்கவும். மறுபக்கமான வலந்தலைக்குக் கூடு போட்ட விரல்கள், அது எப்படியும் கேட்கும். தொப்பிதான் தொலையும். இரண்டாவது மைக் இரவல் கிடைத்தால் பக்கத்துக்கு ஒன்று. அப்போது ஒன்றின் போலாரிட்டியை (ஒலி அலையின் மேல்கீழ் திசை) மாற்றிக் கேட்டுப் பாருங்கள், எதில் தொப்பியின் கனம் கூடுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் தளரும். காலையில் ஒரு பகுதி, மாலையில் ஒரு பகுதி என்று எடுத்தால் வலந்தலை இரண்டு சுருதியில் இருக்கும், சேராது.

---

லாஸ்பேட்டைலூப் எழுதியது:

சென்ட் கணக்குக்கெல்லாம் இவ்வளவு மெனக்கெடணுமா? நாகஸ்வர ட்ராக்ல ஆட்டோட்யூன் போட்டா முடிஞ்சுது.

---

வில்லியனூர்மேளம் எழுதியது:

முடியும், நாகஸ்வரமும் அதோடு முடியும். காந்தாரத்தில் வரும் அசைவை அந்தச் செருகி பிழையென்று நினைத்து நேராக்கும். ஓடி வரும் ஜாருவை (வழுக்கிச் செல்லும் ஸ்வரம்) படிக்கட்டாக வெட்டும். கமகத்தை விட்டுவிட்டு, அதோடு மோதுவதை எடுத்துவிடுவதே சரி. பின்னணி பேடில் (நீண்டு ஒலிக்கும் சிந்தசைசர் ஒலி) மைனர் கார்டை நீட்டாதீர்கள். அதில் இருக்கும் அசையாத காந்தாரம்தான் நாகஸ்வரத்தின் அசையும் காந்தாரத்தோடு சண்டை போடுகிறது. ஸட்ஜம், பஞ்சமம் மட்டும் நீளட்டும். காந்தாரம் வேண்டுமென்றால் சிப் ஒலியில் குட்டையாகத் தட்டிவிட்டுப் போகட்டும்.

---

லாஸ்பேட்டைலூப் எழுதியது:

சரி, அந்த விஷயத்துல தோத்துட்டேன். காதைக் குத்துறதுக்கு மட்டும் நான் சொல்றேன்.

கேம்பாய்ல ரெண்டு பல்ஸ் சேனல், ஒரு வேவ் சேனல், ஒரு நாய்ஸ். பல்ஸ்ல அலை மேல நிக்கிற நேரம் 12.5, 25, 50, 75 சதவீதம்னு நாலு விகிதம் வரும், 75உம் 25உம் கேக்க ஒண்ணுதான். 12.5 மூக்கால பாடுற ஒலி. நாகஸ்வரமும் கிட்டத்தட்ட அதே குணம். ரெண்டையும் ஒரே ஸ்தாயில விட்டா 2லேருந்து 4 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் ஒரே கூட்டம், யார் பேசுறாங்கன்னே தெரியாது. நாகஸ்வரம் வாசிக்கிற இடத்துல பல்ஸை 50க்கு மாத்தி ஒரு ஸ்தாயி கீழ இறக்குங்க. 50ல ஒற்றைப்படை ஹார்மோனிக் மட்டும்தான் இருக்கும், கூடு மாதிரி வெத்தா கேக்கும், நாகஸ்வரத்துக்கு இடம் கிடைக்கும். நாகஸ்வரம் ஓயும்போது 12.5ஐ வெளியில விடுங்க, அது பதில் சொல்ற மாதிரி வரும்.

அதுக்கப்புறமும் குத்துச்சுன்னா நாகஸ்வரத்துல டைனமிக் ஈக்யூ, 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம், உரக்கப் போகும்போது மட்டும் 3, 4 டெசிபல் இறங்குற மாதிரி. சாதா ஈக்யூல நிரந்தரமா வெட்டினா மெல்லிசா வாசிக்கிற இடம் சளி பிடிச்ச மாதிரி ஆகிடும். அடியில 120 ஹெர்ட்ஸுக்குக் கீழ மொத்தமா வெட்டலாம், அங்க காலடிச் சத்தமும் லாரியும்தான் இருக்கும்.

வேவ் சேனலை பேஸுக்கு வச்சுக்கங்க. 32 சாம்பிள், ஒவ்வொண்ணும் 4 பிட். அந்தக் கரகரப்பு தொப்பியோட நல்லாவே ஒட்டும். சிப் ஒலியை ஃபர்னஸ் ட்ராக்கர்ங்கிற மென்பொருள்ல எழுதினா நிஜக் கேம்பாய் எல்லைக்குள்ளயே நிக்கும். பேனிங்கும் இடது, வலது, நடு மூணுதான், அதுக்கு மேல கிடையாது. அதைப் பிடிச்சுக்கிட்டா சிப் பகுதி சிப்பாவே கேக்கும்.

தாளத்துக்கு ஒண்ணு. மெட்டு நாலு நாலு அடியா எட்டு பார், 32 அடி. 150ல ஒரு அடிக்கு ஒரு அட்சரம் வச்சா ஆதி தாளம் ஓட்டப்பந்தயம் ஆகிடும். ரெண்டு அடிக்கு ஒரு அட்சரம்னு 75ல எடுங்க, 32 அடி சரியா ரெண்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று). தவில் தனி முடிஞ்சு மெட்டு திரும்ப வர்ற இடத்துல மோரா (மூணு தடவை வர்ற முடிப்பு) வச்சா உலகத்துல யார் கேட்டாலும் 'இதோ இறங்கப் போறாங்க'ன்னு புரியும். சின்னதா வேணும்னா 4, 2 கார்வை (இடைவெளி), 4, 2 கார்வை, 4. மொத்தம் 16 மாத்திரை, வேக நடையில சரியா ஒரு பார். அடுத்த அடி மெட்டோட முதல் 'ப'. மூணு பார் கோர்வை போட்டுட்டு ரீப்பர்ல கட்டத்தை நம்பி வெட்டாதீங்க, தவில்காரர் சமத்துல (தாளத்தோட முதல் அடி) கொஞ்சம் முன்னாடி விழுந்திருந்தா அதுதான் அழகு. மெட்டை அதுக்கு ஏத்த மாதிரி நகர்த்துங்க.

---

கெடிலக்கரை எழுதியது:

இசை விஷயம் எல்லாம் வந்துவிட்டது. அனுப்புவது, பழகுவது பற்றிக் கொஞ்சம்.

ஓவர்க்ளாக்ட் ரீமிக்ஸ் 1999 டிசம்பரிலிருந்து நடக்கிறது. அங்கே நடுவர் குழு வாக்களிக்கும், காரணமும் எழுதிப் பொதுவில் வைப்பார்கள். 'இல்லை' என்பதோடு 'சரிசெய்து மறுபடி அனுப்பு' என்ற முடிவும் உண்டு. அப்படி வந்தால் அது பாதி ஆமாம். முடிவு வர மாதக்கணக்கில் ஆகலாம், நினைவூட்டி மடல் போட்டுக்கொண்டே இருக்காதீர்கள். அனுப்புவதற்கு முன்னால் பழைய முடிவுகளில் 'இல்லை' என்று வந்தவற்றை ஒரு இருபது படியுங்கள். ஏற்கப்பட்டதைக் கேட்பதைவிட அதில் அதிகம் கற்கலாம். மடலில் விளையாட்டின் பெயர், கருவி, மூல இசையமைப்பாளர், மூல மெட்டுக்கான இணைப்பு, பிறகு உப்பனாறு போட்டுக் காட்டியது போன்ற நொடிக் கணக்கு. இந்தக் கடைசியை நீங்களே எழுதிக் கொடுத்தால் நடுவர் வேலை பாதி குறையும், சந்தேகத்தின் பலனும் உங்களுக்குக் கிடைக்கும்.

ட்வெல்லிங் ஆஃப் டூயல்ஸ் வேறு மாதிரி. மாதம் ஒரு போட்டி, பெரும்பாலும் ஒரு கருப்பொருள் இருக்கும். நேரடியாக வாசித்துப் பதிவு செய்த வாத்தியம் ஒன்றாவது இருந்தே ஆக வேண்டும், அது உங்களுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. வாக்கெடுப்பு முடியும்வரை எது யாருடையது என்று வெளியே தெரியக்கூடாது. எம்பி3க்குள் இருக்கும் பெயர்க் குறிப்புகளையும் அழித்துவிடுங்கள். முகநூலில் முன்னோட்டமும் போடக்கூடாது. நாகஸ்வரம் கேட்டதும் யாரென்று ஊகித்துவிடுவார்கள்தான், இருந்தாலும் விதி விதிதான். ஒரே பாட்டை இரண்டு இடத்துக்கும் அனுப்புவதாக இருந்தால் போட்டி முடிந்த பிறகு, அங்கே வந்த கருத்துகளைப் பார்த்துத் திருத்தி, ஓவர்க்ளாக்டுக்கு அனுப்புவதுதான் ஒழுங்கு.

கெடு நேரத்தில் ஏமாறுகிறவர்கள் நிறைய. அமெரிக்கக் கிழக்குக் கரை நள்ளிரவு என்றால் நமக்குக் காலை 10:30, மேற்குக் கரை என்றால் மதியம் 1:30. மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுவதால் 9:30, 12:30 ஆகிவிடும். எந்த நள்ளிரவு என்று விதியில் பாருங்கள். கடைசி அரை மணியில் ஏற்ற உட்காராதீர்கள், நம்ம ஊர் கரண்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

கருத்து எழுதும் முறை: 'சூப்பர்' என்று எழுதினால் யாருக்கும் பயன் இல்லை. '1:12ல் ஸ்நேர் வந்ததும் மெட்டு அமுங்குகிறது, 200 ஹெர்ட்ஸ் பக்கம் பேஸ் கூடுதலோ?' என்று நேரம் குறித்து, என்ன கேட்டது, ஏன் என்று நினைக்கிறீர்கள், இரண்டையும் எழுதுங்கள். ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை, நேரக் குறி இருந்தால் எல்லோருக்கும் புரியும். உங்கள் பாட்டை ஒன்று போடுமுன் மற்றவர்களுடையதில் இரண்டுக்காவது எழுதியிருங்கள். உங்கள் பாட்டுக்குக் கேட்கும்போது 'எப்படி இருக்கு' என்று கேட்காதீர்கள். '2:04ல் நிஷாதம் மாறுவது காதுக்கு இயல்பாக இருக்கிறதா?' என்று கேட்டால் அதற்குப் பதில் வரும். ஒரு கருத்துக்கு ஒரு பக்கம் மறுப்பு எழுதுகிறவருக்கு இரண்டாம் கருத்து வராது. நாகஸ்வரம் பழகாத காது 'சுருதி விலகுகிறது' என்று எழுதலாம். வாதாட வேண்டாம், ஆனால் அவர் காட்டிய இடத்தில் பேடில் காந்தாரம் நீள்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். பல நேரம் அவர் சொன்ன காரணம் தப்பாகவும் காட்டிய இடம் சரியாகவும் இருக்கும்.

---

முதுநகர்பிக்சல் எழுதியது:

இவ்வளவு எதிர்பார்க்கல, எல்லாருக்கும் நன்றி. ரெண்டு சின்ன கேள்வி. ஒரு கிட்டார்காரர் சேர்றேன்னு சொல்றார், வெளிநாடு. அவருக்கு எதை எப்படி அனுப்பணும்? யூடியூப்ல போட்டா காப்பிரைட் பிரச்சினை வருமா? சத்த அளவு எவ்வளவு வைக்கணும்?

---

உப்பனாறு எழுதியது:

அது மூணு கேள்வி.

ஒவ்வொரு ட்ராக்கையும் தனித்தனி வேவா, 24 பிட்ல, எல்லாம் முதல் பார் முதல் அடியிலேருந்தே ஆரம்பிக்கிற மாதிரி எடுங்க. 2:40ல வர்ற தவிலுக்கும் முன்னாடி 2:40 மௌனம் இருக்கணும். அப்பதான் அவர் எல்லாத்தையும் பூஜ்யத்துல போட்டதும் தானா பொருந்தும். மாஸ்டர்ல இருக்கிற லிமிட்டரை (சத்த உச்சத்தை அமுக்குற செருகி) கழட்டிட்டு எடுங்க. எதிரொலி போட்ட ட்ராக்குக்கு எதிரொலி இல்லாத ஒண்ணும் சேத்து அனுப்புங்க. ஃபைல் பேர்ல டெம்போ, சுருதி ரெண்டும் இருக்கட்டும்: 'தவில்_149.32_டி_446.5'ங்கிற மாதிரி. டெம்போவை 149னு சுருக்கி எழுதினா 3 நிமிஷத்துல கால் நொடிக்கு மேல விலகும், அவர் வாசிச்சதெல்லாம் குப்பைக்குப் போகும். அவர்கிட்டேருந்தும் ஆம்ப் போடாத நேர் சிக்னல் ஒண்ணு கேட்டு வாங்கிக்கங்க.

சத்தம்: யூடியூப் மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ் (சராசரி சத்தத்தை அளக்குற அலகு) பக்கம் இழுத்து வைக்கும். அதுக்கு மேல இருந்தா குறைக்கும், கீழ இருந்தா ஏத்தாது. நீங்க மைனஸ் 12, 13ல முடிச்சா போதும். ட்ரூ பீக் (நிஜ உச்சம்) மைனஸ் 1. எம்பி3 ஆக்கும்போது உச்சம் கொஞ்சம் எகிறும், அதுக்குத்தான் அந்த 1 டெசிபல். அளக்க யூலீன் மீட்டர், இலவசமாவே கிடைக்குது. தவில் சொல்லை லிமிட்டர்ல நசுக்கினா சத்தம் இருக்கும், அடி இருக்காது.

---

கெடிலக்கரை எழுதியது:

காப்பிரைட்: யூடியூபில் வருவது பெரும்பாலும் கிளெய்ம் (உரிமை கோரல்), ஸ்ட்ரைக் (சேனலுக்கு எதிரான எச்சரிக்கை) அல்ல. கிளெய்ம் என்றால் விளம்பர வருமானம் அவர்களுக்குப் போகும், வீடியோ பெரும்பாலும் நிற்கும். இந்த மெட்டு நாட்டுப்பாட்டு என்றாலும் தனாகாவின் அடுக்கு தனி ஆக்கம், 'டெட்ரிஸ்' என்ற பெயரும் பதிவு பெற்ற வணிகக்குறி. பெயரைத் தலைப்பில் மூலம் சொல்ல மட்டும் பயன்படுத்துங்கள், விளையாட்டின் லோகோவைப் படத்தில் வைக்காதீர்கள்.

காசுக்கு விற்பதாக இருந்தால் கதை வேறு. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 31சி பிரிவில் கவர் பாடலுக்கு ஒரு வழி இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். அதில் முதல் ஒலிப்பதிவு வந்து ஐந்து ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கு ராயல்டி முன்பணமாகக் கட்ட வேண்டும், தொழில்நுட்பத்துக்குத் தேவைப்படாத மாற்றம் எதுவும் மெட்டில் செய்யக்கூடாது. ரீமிக்ஸ் என்றாலே மாற்றம்தானே, அந்தக் கதவு நமக்குத் திறக்காது. இலவசமாகப் போடுங்கள்.

ஒரு விஷயம் விட்டுப்போனது. தவில், நாகஸ்வரம் வாசித்தவர்களின் பெயரை அனுப்பும் மடலிலேயே கலைஞர்களாக எழுதுங்கள், 'நன்றி' பட்டியலில் அல்ல. பிறகு திருத்தச் சொல்வது சிரமம்.

---

வில்லியனூர்மேளம் எழுதியது:

பெயரோடு எந்த வாத்தியம் என்பதையும் எழுதுங்கள். 'ட்ரம்ஸ்' என்று போட்டுவிடாதீர்கள். தவில் என்றே இருக்கட்டும்.